தொழிற்சங்கத்துக்குச் சட்டம் கேட்ட என்.எம். ஜோஷி

1920-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னை பெரம்பூர் பக்கத்தில் உள்ள பக்கிங்ஹாம் மில்லில் தகராறு மூண்டது. மில் கதவு அடைக்கப்பட்டது. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். மில்லை நடத்திவந்த பின்னி கம்பெனி ஐகோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டது. தொழிலாளர்கள் மீது அல்ல. சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த பி.பி. வாடியா மீதும், சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்கள் மீதும்.

கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறும்படி இவர்கள் தூண்டினார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம், அந்த நஷ்டத்தை இவர்கள் கொடுக்கவேண்டும் என்பதே வழக்கின் சாரம். ஐகோர்ட்டு தடை உத்தரவு பிறப்பித்தது. நாடு முழுவதும் சங்கம் வைத்திருந்தவர்களுக்கு இது இடி விழுந்தது போல் ஆயிற்று. வேலை நிறுத்தம் செய்யலாம் என்று கூட்டத்தில் பேசினாலே வீட்டை ஜப்தி செய்து நஷ்டஈடு வசூலிக்கலாம் என்றால், யார் சங்கத்துக்குத் தலைவராக வருவார்கள்?

வாடியாவின் வழக்கு 1921-இல் சமரசமாக முடிந்தது. கம்பெனி நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்தது. அதற்கு விலையாக வாடியா சென்னைத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகிக்கொண்டார். 1918 ஏப்ரல் 27-இல் தொடங்கிய சங்கம், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று கூட்டிய சங்கம், திரு.வி.க. உழைத்த சங்கம், தன் தலைவரை இழந்தது.

அதே 1921-ஆம் ஆண்டு மார்ச் மாதம், டில்லியில் புதிதாகக் கூடிய மத்திய சட்டசபையில் ஒருவர் எழுந்து, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் ஒரு சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் சென்னைக்காரர் அல்ல. பம்பாயில் நம் பக்கத்தில் இருந்தவர். நாராயண் மல்ஹார் ஜோஷி.

பள்ளிக்கூட வாத்தியார்

ஜோஷி 1879 ஜூன் 5-ஆம் தேதி, கொங்கணத்தில் கொலாபா ஜில்லாவைச் சேர்ந்த கோரேகாவ் என்ற ஊரில் பிறந்தார். நம்மவர்கள் லோக்கல் ரயிலில் போய் இறங்கும் கோரேகாவ் அல்ல. அந்த ஜில்லாவுக்கு இப்போது ராய்கட் என்று பெயர். புனாவில் படித்து, டெக்கான் காலேஜில் 1901-இல் பட்டம் பெற்றார். சுமார் எட்டு வருஷம் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை.

1909-இல் அவர் கோகலே தொடங்கியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அதில் சேருகிறவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை மறந்துவிட்டுப் பொதுக் காரியத்துக்கே உழைக்கவேண்டும். கோகலே 1915-இல் மறைந்தபின் அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் கும்பகோணம் பக்கத்து வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஆகவே ஜோஷி பல வருஷம் ஒரு தமிழரின் தலைமையில் வேலை பார்த்தவர் என்றும் சொல்லலாம்.

1911-இல் பம்பாயில் சமூக சேவா சங்கத்தை அமைத்தார். பரேல் பக்கத்துச் சால்களில் இராப் பள்ளிக்கூடம், வாசகசாலை, கூட்டுறவுக் கடன் சங்கம், வைத்திய உதவி இவைதான் அதன் வேலை. ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுத்து எழுந்த காலம் அது. வட்டிக்காரப் பட்டாணியிடம் வாங்கிய கடன் சம்பளத்தை விழுங்கிய காலம். இராப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போனவருக்கு, மில்லின் உள்ளே நடப்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

சம்பளமும் வெட்டும்

அந்த நாளில் மில்லில் ஆள் எடுத்தவர் முதலாளி அல்ல, மானேஜரும் அல்ல. ஜாபர் என்ற மேஸ்திரிதான் எடுத்தான். வேலை கேட்டு வந்தவன் அவன் கையில் தஸ்தூரி வைக்கவேண்டும். வேலை கிடைத்த பிறகும் வைக்கவேண்டும். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் வைக்கவேண்டும். வேலையிலிருந்து நீக்குகிறவனும் அவனே. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையில் எழுத்து மூலமாக ஒன்றும் கிடையாது. கோர்ட்டிலே கம்பெனி பெரிதாகப் பேசிய ஒப்பந்தம், தொழிலாளி கண்ணால் பார்த்தறியாத ஒப்பந்தம். எனக்கு இந்த இடம்தான் மனதில் உறுத்துகிறது. மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் ஆளை வைத்தார்கள், மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் நீக்கினார்கள். அவன் நாலு பேரோடு சேர்ந்து வேலையை நிறுத்தியவுடன் மட்டும் ஒப்பந்தம் என்ற ஒன்று எங்கிருந்தோ முளைத்துவிட்டது.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் பாதி கழிந்துதான் கைக்கு வரும். அதிலும் வெட்டு. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிற வழக்கம் பல மில்களில் இருந்தது. துணியில் பழுது விழுந்தால், அந்தத் துணியையே நெசவுக்காரன் தலையில் கட்டி, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அவன் அதைத் தெருவில் கூவி விற்றுக்கொள்ளவேண்டும்.

வாஷிங்டனும் பம்பாயும்

முதல் உலக யுத்தம் முடிந்ததும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் முதல் மகாநாடு 1919 அக்டோபர் கடைசியில் வாஷிங்டனில் கூடிற்று. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சர்க்கார் தரப்பு, முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு என்று மூன்று வகைப் பிரதிநிதிகள் போகவேண்டும். இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக ஜோஷி போனார். ஆலோசகராகப் போனவர் அதே வாடியா.

எட்டு மணி நேர வேலை என்று உலகத்துக்கு விதி செய்த அந்த மகாநாடு, இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி நேரம் என்று தனி விதி வைத்தது. கேட்டால் அநியாயம் என்று தோன்றும். ஆனால் அதுவரை நம் நெசவு மில்களில் ஆண்களுக்குச் சட்டப்படியே தினம் 12 மணி நேரம். 1922-ஆம் ஆண்டு பாக்டரி சட்டத் திருத்தம் தினம் 11, வாரம் 60 என்று குறைத்தது. 1934-இல் வாரம் 54 ஆயிற்று. 48 ஆனது 1946-இல். ஆக, வாஷிங்டனில் பேசிய 48 மணி இந்தியத் தொழிலாளிக்கு வந்து சேர 27 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த மகாநாட்டுக்குப் பிரதிநிதியை அனுப்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தந்த நாட்டில் தொழிலாளர்களின் பெரிய ஸ்தாபனம் எதுவோ அதைக் கலந்துகொண்டு பிரதிநிதியை நியமிக்கவேண்டும் என்பது விதி. இந்தியாவில் அப்படி ஒரு ஸ்தாபனமே கிடையாது. ஆகவே சர்க்கார் தனக்குச் சரி என்று பட்டவரை அனுப்பியது. இது ஒவ்வொரு வருஷமும் நடக்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான், 1920 அக்டோபர் 31-இல் பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்தது. இன்றைக்கு ஏ.ஐ.டி.யு.சி. என்கிறோமே, அதுதான். பெரம்பூரில் மில் கதவு அடைபட்ட அதே மாதம். தொடங்கியவர்களில் ஜோஷி ஒருவர். 1925 முதல் 1929 வரை அதன் பொதுச் செயலாளராகவும் இருந்தார்.

சட்டசபையில் தனி ஆள்

1921-இல் தொடங்கிய மத்திய சட்டசபையில் ஜோஷி தொழிலாளர் பிரதிநிதி. ஆனால் ஒரு தொழிலாளியும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. போட அவர்களுக்கு ஓட்டு இல்லை. சர்க்காரே நியமித்தது. சர்க்கார் நியமித்த மெம்பர்கள் சர்க்கார் பக்கம் கை தூக்குவது வழக்கம். இவர் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப இவரையே நியமித்தார்கள். 1947 வரை ஏறக்குறைய 26 வருஷம்! தொழிலாளர் விஷயத்தில் கணக்கோடு பேச வேறு ஆள் அகப்படவில்லை என்றுதான் நினைக்கவேண்டியிருக்கிறது.

அவர் ஆவேசமாகப் பேசுகிறவர் அல்ல. மசோதாவின் ஷரத்து ஷரத்தாக எடுத்துக்கொண்டு திருத்தம் கொடுப்பார். தோற்றால் அடுத்த ஷரத்துக்குப் போவார்.

1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை முதல் அமல். அதற்கு முன் மில் பெல்ட்டில் கை போனாலும், ரயில் பெட்டிகளைக் கோக்கும்போது கால் போனாலும், முதலாளியின் தவறு என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் காசு. கை போனவன் எங்கே போய் வக்கீல் வைப்பான்? வேலையில் இருக்கும்போது வேலை காரணமாக விபத்து நடந்தால், தவறு யாருடையது என்று தேடாமலே முதலாளி கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் மாற்றியது.

1924-இல் பிரசவ கால உதவிக்கு ஜோஷி தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். சபை அதைத் தள்ளிவிட்டது. பம்பாய் மாகாணம் 1929-இல் அப்படி ஒரு சட்டம் செய்தது. இந்தியா முழுவதற்குமான பிரசவ உதவிச் சட்டம் வந்தது 1961-இல். அப்போது ஜோஷி உயிரோடு இல்லை.

ஏழு பேர் போதும்

அவர் 1921-இல் கேட்ட தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஐந்து வருஷம் பிடித்தது. 1926-இல் நிறைவேறி, 1927 ஜூன் முதல் அமலுக்கு வந்தது.

அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கத்தைப் பதிவு செய்ய மனுக் கொடுக்கலாம். பதிவான சங்கத்தின் அங்கத்தினரும் நிர்வாகிகளும் தங்கள் நியாயமான காரியத்துக்காகக் கூடி முடிவு செய்தால், அதைக் கிரிமினல் சதி என்று சொல்ல முடியாது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சிவில் வழக்கும் போட முடியாது. வாடியா மேல் பாய்ந்த அந்த வழக்கு, பதிவான சங்கத்தின் மேல் இனிமேல் பாயாது என்று அர்த்தம். சங்கப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம் என்று சட்டம் வரையறுத்தது. அரசியலுக்கு வேண்டுமானால் தனி நிதி, அதுவும் விரும்பியவரிடம் மட்டும். நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்களாக இருக்கவேண்டும். கணக்கை வருஷா வருஷம் காட்டவேண்டும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சங்கம் பதிவாகலாம். அந்தச் சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசலில் மணிக்கணக்காக நின்றுவிட்டுத் திரும்பிய சங்கங்கள் ஏராளம். நம்மில் பலருக்கும் இது புதிய செய்தி அல்ல.

சிவப்புக் கொடி நாட்கள்

1925-இல் பம்பாய் மில் முதலாளிகள் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினொன்றரை குறைத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வெளியே நின்றார்கள். மில் துணி மேல் இருந்த எக்ஸைஸ் வரியைச் சர்க்கார் நிறுத்திவைத்ததும் சம்பள வெட்டும் போயிற்று. அந்தச் சூட்டில் 1926 தொடக்கத்தில் பம்பாய் டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. ஜோஷி தலைவர்.

இரண்டே வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. 1928-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த பெரிய வேலை நிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகள் முன்னால் வந்தார்கள். கூட்டு வேலை நிறுத்தக் கமிட்டியில் ஜோஷியும் டாங்கேயும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வேலை நிறுத்தம் முடிந்தபோது தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிர்ணி காம்கார் யூனியன் பக்கம் போனார்கள். ஜோஷியின் சங்கம் சிறுத்துவிட்டது. இதில் வியப்பில்லை. மனுவும் கமிட்டியும் அறிக்கையும் என்று பேசுகிறவரைவிட, சால் சாலாக வந்து மில் கமிட்டி அமைக்கிறவர்கள் அந்த நேரத்தில் நெருக்கமாகத் தெரிந்தார்கள். ஜோஷியை மிதவாதி, சமரசக்காரர் என்று ஏசியவர்கள் உண்டு. மிதவாதி என்பது உண்மை. விலை போனவர் என்று மட்டும் எதிரிகளாலும் சொல்ல முடியவில்லை.

1929-இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. தகராறை விசாரிக்கக் கோர்ட்டும் சமரச போர்டும் அமைக்கலாம் என்றது ஒரு பக்கம். ரயில்வே, தபால் போன்ற பொது உபயோகத் தொழில்களில் 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலை நிறுத்தம் செய்யக்கூடாது, அனுதாப வேலை நிறுத்தங்கள் பல சட்டவிரோதம் என்றது மறுபக்கம். ஜோஷி இந்தப் பூட்டை எதிர்த்தார். பகத் சிங்கும் தத்தும் 1929 ஏப்ரல் 8-இல் சட்டசபையில் குண்டு வீசியது இந்த மசோதா நிறைவேறிய வேளையில்தான். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த 14 நாள் பழகிப்போன ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் தொழிற்சங்கக் காங்கிரஸ் உடைந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த விட்லி கமிஷனைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று பெரும்பான்மை தீர்மானித்தது. ஜோஷியோ அந்தக் கமிஷனில் மெம்பர். சீனிவாச சாஸ்திரியாரும் மெம்பர். ஜோஷி, வி.வி. கிரி முதலியவர்கள் வெளியேறித் தனிச் சம்மேளனம் கண்டார்கள். தான் வளர்த்த வீட்டை விட்டு வெளியே போனது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் கமிஷன் 1931-இல் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால், அவர் உள்ளே உட்கார்ந்திருந்தது வீண் அல்ல என்பதே என் அபிப்பிராயம். ஜாபர் தஸ்தூரி முதல் சம்பள வெட்டு வரை அதில் பதிவாகியிருக்கிறது.

அதன் பலனாக வந்ததுதான் 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைந்த இடமானால் மாதம் முடிந்து 7 நாளுக்குள், அதற்கு மேற்பட்டால் 10 நாளுக்குள் சம்பளம். அபராதம் ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேல் போகக்கூடாது. ஏழாம் தேதிச் சம்பளம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது வந்த வழி இது.

பேசித்தான் ஆகவேண்டும்

1940-இல் இரண்டு பக்கமும் மறுபடி ஒன்று சேர்ந்தன. ஜோஷி மீண்டும் பொதுச் செயலாளர். அவரை ஏசியவர்களே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1942-இல் டாக்டர் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் மெம்பர் ஆனார். சர்க்கார், முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேஜையில் உட்காரும் முத்தரப்பு மகாநாடு அந்த ஆகஸ்டில் கூடிற்று. சங்கத்தை முதலாளி அங்கீகரிக்கவேண்டும் என்று 1943-இல் அம்பேத்கர் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். கடைசியில் 1947-இல் அப்படி ஒரு திருத்தம் நிறைவேறியும் விட்டது. ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் வரவே இல்லை! அச்சடித்த சட்டம் அலமாரியிலேயே கிடந்தது.

அங்கீகாரம் மாகாணத்துக்கு மாகாணம், தொழிலுக்குத் தொழில் வேறு வேறாக நடந்தது. பம்பாயில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் மில் தொழிலில் ஒரே ஒரு பிரதிநிதிச் சங்கத்துக்கு மட்டும் பேசும் உரிமை கொடுத்தது. அந்தச் சங்கத்தில் நம்பிக்கை போனால் தொழிலாளி என்ன செய்வது என்ற கேள்வி 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் வெடித்தது. சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள், அவர்களில் நம்மவர்களும் உண்டு, அதில் பட்ட பாடு தனிக் கதை. ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று தீர்மானித்தார்கள்.

1926-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தபோது அதில் கரைந்துவிட்டது. பதிவுக்கு ஏழு பேர் என்பதும், சதி வழக்கிலிருந்து பாதுகாப்பும் புதிய சட்டத்திலும் உண்டு. தொழிலாளரில் நூற்றுக்கு 51 பேர் ஆதரவு உள்ள சங்கத்தோடு முதலாளி பேசவேண்டும், அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் 20 பேர் ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த கவுன்சிலோடு பேசவேண்டும் என்று இருக்கிறது. ஜோஷி காலத்து ஓட்டை ஒரு வழியாக அடைபட்டிருக்கிறது. கூடவே, ரயில்வேக்கும் தபாலுக்கும் இருந்த 14 நாள் நோட்டீஸ் பூட்டு எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது 1929-இலும் நடந்தது.

கடைசி நாட்கள்

1946-47-இல் முதல் மத்திய சம்பளக் கமிஷனில் ஜோஷி மெம்பராக இருந்தார். அதன் தலைவர் சென்னை ஐகோர்ட்டிலிருந்து பெடரல் கோர்ட்டுக்குப் போன சர் சீனிவாச வரதாச்சாரியார். மத்திய சர்க்கார் ஊழியனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 55 ரூபாய் என்று முதல் தடவையாக ஒரு கோடு போட்டது அந்தக் கமிஷன்தான். அலவன்ஸ் கூட்டித்தான் அந்த 55.

சுதந்திரம் வந்ததும் தொழிற்சங்க உலகம் கட்சி வாரியாகப் பிரிந்தது. 1947-இல் ஐ.என்.டி.யு.சி., 1948-இல் ஹிந்த் மஸ்தூர் சபை. ஏ.ஐ.டி.யு.சி. கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிற்று. ஜோஷி 1948-இல் பொதுச் செயலாளர் பதவியை விட்டார். எந்தப் புதிய வீட்டுக்கும் பெரிய தலைவராகக் குடிபோகவில்லை. ஒரே தொழிலாளர் ஸ்தாபனம் வேண்டும் என்று 1920-இல் நினைத்தவர், தன் கண் முன்னாலேயே அது மூன்றாகப் போனதைப் பார்த்துவிட்டார்.

1955 மே 30-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 75. பிறந்த நாளுக்கு ஆறு நாள் இருந்தது. லோயர் பரேலில் மில்களுக்கும் பி.டி.டி. சால்களுக்கும் நடுவே ஓடும் டிலைல் ரோடுக்குப் பிற்பாடு என்.எம். ஜோஷி மார்க் என்று பெயர் வைத்தார்கள். பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் இருக்கிறது. மில்கள்தான் இல்லை.